பதினோராவது படியும் அம்மாவின் மாத்திரையும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. போன வருடம் ஆடி மாதம். கப்பலூரில் நான் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனியில் ஒரு லாட் ரப்பர் ரிங் முழுவதும் சரியாக வேகாமல் வந்தது.

2. காரணம், ஏழு மாதமாக நான் என் கண்ணால் பார்க்காத ஒரு எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டு வந்தது.

3. பார்க்காததற்குக் காரணம், அந்த மீட்டர் இருபத்திரண்டு இரும்புப் படிகளுக்கு மேலே இருந்தது.

4. மறுநாள் காலை அம்மாவின் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏறினேன்.

5. பதினோராவது படியில் கால் வழுக்கியது.

6. எனக்காக டாக்டரிடம் போனோம். திரும்பி வரும்போது மருந்துச் சீட்டு அம்மா பெயரில் இருந்தது.

இனி விவரம்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். தண்ணீர்க் குழாய்களுக்கான ரப்பர் ரிங் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ரப்பரை அச்சில் போட்டு நீராவிச் சூட்டில் வேகவைத்து எடுப்போம். நீராவி அழுத்தம் குறைந்தால் ரிங் வேகாது. தொட்டால் கொழகொழவென்று இருக்கும். அழுத்தத்தைக் காட்ட இரண்டு மீட்டர்கள் உண்டு. ஒன்று பாய்லர் அறையில், கண் உயரத்தில் இருக்கும் டிஜிட்டல் மீட்டர். இன்னொன்று அந்த அறைக்குப் பின்னால், வெளியே இரும்புப் படி ஏறிப் போகும் மேடையில் இருக்கும் முள் மீட்டர். கீழே இருப்பது சரியாகக் காட்டுகிறதா என்று தினமும் காலையில் மேலே ஏறி ஒப்பிட்டுப் பார்த்து எழுத வேண்டும். அது என் வேலை.

வேறு கம்பெனியிலிருந்து இங்கே மாறி வந்த முதல் வாரத்தில் அந்தப் படியில் ஏறிப் பார்த்தேன். படி என்றால் பலகை இல்லை, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் இரும்பு. ஐந்தாவது படியிலேயே கால்களுக்கு நடுவே கீழே சிமெண்ட் தரை தெரிந்தது. உள்ளங்கை வியர்த்து, முழங்காலுக்குக் கீழே இருப்பது என் கால் இல்லை என்பதுபோல ஆகிவிட்டது. போன் வந்த மாதிரி பாவனை செய்துகொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஒரு ஏற்பாடு. நான் பாய்லர் அறை வாசலில் புத்தகத்தோடு நிற்பேன். பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுக் குரல் கொடுப்பார்.

"ஏழு, மேடம்!"

"மேல பாத்தீங்களாண்ணே?"

"மேலயும் ஏழு, கீழயும் ஏழு. எழுதிக்கங்க!"

எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஏழு மாதம் இப்படியே ஓடியது. இதில் வெட்கம் என்னவென்றால், மற்ற பிரிவுகளில் யாராவது பார்க்காமல் எழுதினால் முதலில் சண்டைக்குப் போகிற ஆள் நான்தான்.

வேகாத லாட் வந்த அன்று மேனேஜர் சாரே மேலே ஏறினார். முள் மீட்டர் ஐந்தரை காட்டியது. கீழே டிஜிட்டலில் ஏழு. கீழ் மீட்டர் எத்தனை நாளாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க என் புத்தகத்தைக் கேட்டார். நேற்று ஏழு. முந்தாநாள் ஏழு. எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து.

"நேத்து காலையில நெசமாவே ஏழுதேன் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலையில சொல்றேன் சார்" என்றேன். என் வாழ்க்கையில் சொன்னதிலேயே கேவலமான பதில் அதுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எங்கள் வீடு பழங்காநத்தத்தில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதி. அப்பா லோடு வேன் ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வெளியூர். அம்மாவும் நானும்தான் பெரும்பாலும்.

"கையெழுத்துப் போட்டது நீதானா? அப்ப போலீசு வருமா? உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா வண்டி ஓட்டுறப்ப இதையே நெனச்சுக்கிட்டு ஓட்டுவாரே. பேப்பர்ல போட்டுருவாங்களா?"

"அம்மா, ரப்பர் ரிங்மா. பேப்பர்லல்லாம் போட மாட்டாங்க. நாளைக்கு நான் மேல ஏறணும், அம்புட்டுத்தேன்."

அம்மா எழுந்து போய் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். எங்கள் வீட்டில் மாத்திரை என்பது உப்பு, புளி மாதிரி பொதுச் சொத்து. அப்பாவின் முதுகு வலி மாத்திரையை நான் தலைவலிக்குப் போடுவேன். என் சளி மாத்திரையை அம்மா போடுவாள். எல்லாம் அந்த ஒரு டப்பாவில்தான்.

அம்மா இரவில் படுக்கும் முன் போடும் சின்ன மாத்திரை ஒன்றை அட்டையிலிருந்து கிழித்து என் கையில் வைத்தாள். "எனக்கும் ஒன்ன மாதிரித்தேன்டி. நெஞ்சு தடதடன்னு அடிக்கும், கையெல்லாம் வேர்க்கும். இதப் போட்டா அப்படியே அடங்கிரும். காலையில காப்பியோட போட்டுட்டுப் போ."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அம்மாவுக்குப் பயம். எனக்கும் பயம். அறிகுறிகள் ஒன்று. ஆகவே மருந்தும் ஒன்று. ஒரே மாதிரி விரிசல் விட்ட இரண்டு ரிங்குகளைப் பார்த்தால், இரண்டுக்கும் ஒரே காரணம் என்று எழுதக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பவள் நான். என் விஷயத்தில் அதைக் கோட்டை விட்டேன்.

காலையில் மாத்திரை போட்டேன். கம்பெனி வேனில் நன்றாகத் தூங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் உலுக்கித்தான் இறங்கினேன். ஏழு மணிக்குப் படி முன்னால் நின்றபோது நெஞ்சு படபடக்கவில்லை. ஆகா, வேலை செய்கிறது என்று ஏறினேன். நெஞ்சு அடங்கியிருந்தது உண்மை. கூடவே கால், கை, கண் எல்லாமும் அடங்கியிருந்தது எனக்குத் தெரியவில்லை. கால் எங்கே வைக்கிறேன் என்று மனம் கணித்துச் சொல்வதற்குள் கால் ஒரு நொடி முந்திப் போய்க்கொண்டிருந்தது. பதினோராவது படியில் ஷூவின் முனை மட்டும் பட்டு, வழுக்கியது. தாடை கம்பியில் இடித்தது. ஹெல்மெட் கழன்று கீழே போய் விழுந்த சத்தம் கேட்டது. விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று அந்தச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன். கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாத்திரையைத் தாண்டிப் பயம் அப்போதுதான் முழுதாக வந்தது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை.

பாய்லர் அண்ணன் ஓடி வந்தார். ஓடி வந்தவர் முதல் படியில் நின்று ஒரு நொடி யோசித்தார். பிறகு ஒரு காலை மட்டும் மடக்கி, இன்னொரு காலை இழுத்து இழுத்து வைத்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். முகம் வலியில் சுருங்கியிருந்தது. எனக்கு ஒரு படி கீழே வந்து, நான் விழுந்தால் அவர்மேல்தான் விழ வேண்டும் என்பதுபோலக் குறுக்கே நின்றார்.

"அவசரமே இல்ல மேடம். ஷிப்ட் முடிய இன்னும் ஒம்பது மணி நேரம் கெடக்கு. மெதுவா எறங்குவோம்."

"அண்ணே, ஒங்க காலுக்கு என்ன?"

"முட்டி தேஞ்சு போச்சு. ஒரு வருசமாவே படி ஏற முடியல."

எனக்கு விளங்கியது. அவரும் மேலே போகவில்லை. கீழே இருக்கும் மீட்டரைப் பார்த்துவிட்டு மேலேயும் ஏழு என்று குரல் கொடுத்திருக்கிறார்.

"வெளிய சொன்னா வேலைய விட்டு அனுப்பிருவாங்கன்னு பயம், பாப்பா" என்றார். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர் அப்போதுதான் பாப்பா என்றார். "நீங்களாவது ஒரு நாளு ஏறிப் பாப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீங்க ஏறுறீங்கன்னு நான் நெனச்சேன்ணே."

"நல்லா நெனச்சோம் போங்க!" என்று அந்த வலியிலும் சிரித்துவிட்டார். உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாக, குழந்தை இறங்குவதுபோல இரண்டு பேரும் இறங்கினோம்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். என் மேல் நானே ஒரு தவறு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். எத்தனை மாதம், ஏன், காலையில் என்ன மாத்திரை போட்டேன், எல்லாவற்றையும் எழுதினேன். அண்ணனைப் பற்றி எழுதவில்லை. நான் எழுதி முடிப்பதற்குள் அவரே நொண்டி நொண்டி வந்து நின்று, தன் முட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

மேனேஜர் சார் அறிக்கையை இரண்டு முறை படித்தார். பேசியபோது கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "பயந்தது தப்பில்ல. பயத்தை மறைக்க பொய்க் கையெழுத்துப் போட்டீங்க பாருங்க, அது தப்பு. ரெண்டு மாசத்துல நம்ம ரிங்க வாங்குற கஸ்டமர் ஆடிட்டுக்கு வர்றாங்க, எல்லாப் பதிவையும் பாப்பாங்க. அதுக்குள்ள நீங்களே ஏறி, நீங்களே பாத்து எழுதணும். முடியாட்டி ஸ்டோர்ஸுக்கு மாத்திருவேன். அதுவரைக்கும் நான் ஏறிக்கிறேன்." அண்ணனை வேலையை விட்டு அனுப்பவில்லை. முட்டிக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லி, படி ஏறும் வேலையை மட்டும் அவரிடமிருந்து எடுத்துவிட்டார்.

ஸ்டோர்ஸில் சரக்குக் கணக்குப் பார்ப்பது மோசமான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே போனால், ஏழு மாதப் பொய்யை அப்படியே புத்தகத்தில் விட்டுவிட்டு ஓடிப்போனவளாகத்தான் போவேன். ஏறியே தீர்வது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஆரப்பாளையத்தில் ஒரு மனநல டாக்டரிடம் நேரம் வாங்கினேன். தனியாகத்தான் போவதாக இருந்தேன். "அங்கிட்டு கூட்டத்துல ஒனக்கு மயக்கம் வந்தா?" என்று அம்மா கிளம்பிவிட்டாள். பஸ் ஏறியதிலிருந்து இறங்கும்வரை, அடுப்பை அணைத்தோமா, பின் கதவைப் பூட்டினோமா, அப்பா ஏன் போனை எடுக்கவில்லை, யாராவது நம்மை அந்த ஆஸ்பத்திரி வாசலில் பார்த்துவிட்டால் எனக்கு மாப்பிள்ளை அமையுமா என்று நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். அது அம்மாவின் சுபாவம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

டாக்டர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். நான் ஒன்பது பாயின்ட்டாக எழுதிக் கொண்டுபோன தாளை வாங்கிப் படித்தார். "இன்ஜினியரா? எனக்கு வேலை மிச்சம்" என்றவர், "இந்த மாடிக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்டார். அவர் கிளினிக் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது.

"படியிலதான் டாக்டர்."

"பயமா இருந்துச்சா?"

"இல்ல. இது சிமெண்ட் படி. கீழ தெரியாது."

"பஸ்ல? கூட்டத்துல? ராத்திரி படுத்தா தூக்கம் வருதா?"

"நல்லா வரும். அந்த மாதிரி ஓட்டைப் படியை நெனச்சா மட்டுந்தான் படபடப்பு. படியை விட்டு நகர்ந்துட்டா சரியாயிரும்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, "நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு எதைப் பத்திக் கவலைப்பட்டீங்க?" என்று கேட்டார்.

யோசித்தேன். "கேன்டீன்ல டீ குடிச்சேன். கவலை ஒண்ணும் இல்ல."

ஏனோ அதே கேள்வியை அம்மாவிடமும் கேட்டார். "நீங்கம்மா? நேத்து நாலு மணிக்கு?"

"நானா? எனக்கென்ன, நான் நல்லாத்தேன் இருக்கேன். இவளுக்குப் பாருங்க." சொல்லிவிட்டு அம்மா நிறுத்தவில்லை. "நாலு மணிக்கு... இவ வேனு கிளம்பியிருக்குமான்னு நெனச்சேன். ரோட்டுல லாரியா வருது. இவுக அப்பா சாப்பிட்டாரான்னு நெனச்சேன். சிலிண்டரு தீரப் போகுது. எந்தம்பிக்குச் சுகர் கூடிருச்சு. நேத்து மேகமா இருந்துச்சா, மழை வந்து வீட்டுக்குள்ள தண்ணி வந்துருமோன்னு... அப்புறம், ஒண்ணுமே நெனக்காம ஒரு நிமிசம் உக்காந்திருந்தேன். அப்பப் பாத்து, எதையோ மறந்துட்டோமோன்னு நெஞ்சு அடிச்சுக்கிருச்சு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "எத்தனை நாளாம்மா இப்படி?"

"அது கெடக்கு வருசக்கணக்கா. தோளெல்லாம் இறுக்கிப் பிடிச்சுக்கிரும். தூக்கமும் கெடயாது. அதுக்குத்தேன் மாத்திரை போடுறேன்ல."

மாத்திரை அட்டையை நான் கொண்டு போயிருந்தேன். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் கொடுத்தது, எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கே முழுக் கதையும் தெரிந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அம்மா வேறொரு டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் இரண்டு மாத்திரைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார். காலையில் ஒன்று, பல மாதம் தொடர்ந்து போட வேண்டியது. இரவில் ஒன்று, காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை இரண்டு வாரத்துக்கு மட்டும். காலை மாத்திரை ஆறு நாளில் குமட்டலைத்தான் கொடுத்தது, பயத்துக்குக் கேட்கவில்லை. இரவு மாத்திரை போட்ட அரை மணியில் கேட்டது. அம்மா காலை மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டாள். இரவு மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டியே கடையில் வாங்கி, ஒன்றரை வருடமாகப் போட்டு வந்திருக்கிறாள்.

"ரெண்டு பேருக்கும் நெஞ்சு படபடக்குது, கை வேர்க்குது. அதனால ஒரே நோய்னு நெனச்சுட்டீங்க" என்றார் டாக்டர். பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். என் பயத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது. அந்த முகவரிக்குப் போனால் வரும், விலகினால் போய்விடும். இது குறிப்பிட்ட ஒன்றின் மேல் வரும் அச்சம். அம்மாவின் பயத்துக்கு முகவரி இல்லை. அது ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கவலைப்பட ஒன்றும் இல்லாத நேரத்தில்கூட எதையாவது தேடும். இது பொதுவான பதற்ற நோய்.

அம்மாவுக்குத் தேவை, அவள் தூக்கிப் போட்ட காலை மாத்திரை மாதிரியான ஒன்றுதான். உடனே கேட்காது, நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் சில நாள் குமட்டும் என்பதால் பாதி அளவில், சாப்பிட்ட பிறகு தொடங்க வேண்டும். அதற்கு முன் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார், அது கூடினாலும் இதே படபடப்பு வரும் என்று. வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறாள், எத்தனை காபி என்றும் கேட்டார். இரவு மாத்திரை பழக்கமாகிவிடும் வகை. ஆனால் இத்தனை நாள் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. அவர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

"எனக்கு டாக்டர்?" என்றேன். "ஆடிட் அன்னிக்கு மட்டும் போட்டுக்கிற மாதிரி ஒண்ணு?" மேடையில் பேசுகிறவர்கள் நெஞ்சுப் படபடப்பைக் குறைக்க ஒரு மாத்திரை போடுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன், என் தாளில் அது எட்டாவது பாயின்ட்.

"சின்ன வயசுல வீசிங் இருந்துச்சுன்னு நீங்களே மூணாவது பாயின்ட்ல எழுதியிருக்கீங்க. அந்த மாத்திரை வீசிங் உள்ளவங்களுக்கு மூச்சை இறுக்கிரும், உங்களுக்கு ஆகாது. அம்மாவோட மாத்திரையப் போட்டுக்கிட்டு இனிமே படி மட்டுமில்ல, மெஷின் பக்கமே போகாதீங்க" என்றார். "ஒங்களுக்கு மருந்து அந்தப் படிதான்."

அவர் சொன்ன முறை எளிமையானது. செய்வதுதான் கஷ்டம். பயத்துக்குப் பத்துக்கு மார்க் போட வேண்டும். ஏறக்கூடிய படிவரை ஏறி, அங்கேயே நிற்க வேண்டும். மார்க் பாதியாகக் குறையும்வரை இறங்கக் கூடாது. பிறகு அடுத்த படி. தினமும்.

முதல் வாரம் தோற்றேன். மதிய இடைவேளையில் மூன்றாவது படியில் நிற்பேன். மார்க் எட்டுக்குப் போனதும் இறங்கி ஓடிவிடுவேன். மறுநாள் இரண்டாவது படியிலேயே எட்டு வந்தது. மார்க் எழுதி வைத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தேன். உச்சத்தில் இருக்கும்போது இறங்கினால், இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனது எழுதி வைத்துக்கொள்ளும் என்றார். எனக்கு அது உடனே புரிந்தது. பொய்யான ஒரு அளவை ஒவ்வொரு நாளும் நானே பதிவு செய்துகொண்டிருந்தேன்.

அதன் பிறகு இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில், மேலே குடியிருக்கும் வீட்டுக்காரரின் மாடிக்குப் போக, அதே மாதிரி ஓட்டை ஓட்டையான ஒரு வளைந்த இரும்புப் படி உண்டு. இரண்டு வருடமாக, மேலே வெயில் அதிகம் என்று பொய் சொல்லிக் கீழேயே துணி காயப்போட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் படியில் வாளியோடு நின்றேன். முதல் ஞாயிறு ஆறாவது படியில் நாற்பது நிமிடம். வீட்டுக்கார அக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னடி, துணி காயப்போட வந்தியா, தவம் இருக்க வந்தியா?" என்று கேட்டார். பல் கிட்டிப்போய் நின்றபடி மார்க்கை மட்டும் எண்ணினேன். ஒன்பது, எட்டு, எட்டு, ஏழு, ஆறு, நாலு. நாலு வந்ததும் இறங்கினேன். பயம் தானாகவே இறங்கும் என்பதை முதன்முதலாக என் உடம்பில் பார்த்தேன்.

வீட்டில் அம்மாவோடு வேறு போராட்டம். தைராய்டு சரியாக இருந்தது. மாத்திரை தொடங்கி ஐந்தாம் நாள், "குமட்டுது, இது எனக்குக் கேக்கல" என்று டப்பாவை மூடிவிட்டாள். "ஆறு வாரம்னு டாக்டர் சொன்னாங்கள்ல? நான் அங்க ஓட்டைப் படியில நிக்கிறேன். நீ இங்க ஒரு மாத்திரைய முழுங்க மாட்டியா?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அம்மா முறைத்துக்கொண்டே விழுங்கினாள். டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: கவலைகளை எல்லாம் மாலை ஐந்து மணிக்கு ஒத்திப் போட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து கவலைப்பட வேண்டும். இரண்டு வாரம் கழித்து அம்மா புகார் சொன்னாள்: "அஞ்சு மணிக்குன்னு உக்காந்தா ஒரு கவலையும் ஞாபகம் வர மாட்டேங்குதுடி. காலையில எம்புட்டு இருந்துச்சு!"

பிஸ்கட் டப்பாவைக் காலி செய்து, மூன்று பேருக்கும் மூன்று தனி டப்பா வைத்தேன். பேர் எழுதி ஒட்டினேன்.

அம்மா எனக்கு வேலை நேரத்தில் நாலு முறை போன் செய்வாள்: வேன் போய்ச் சேர்ந்ததா, டிபன் சாப்பிட்டாயா, மதியம் சாப்பிட்டாயா, கிளம்பிவிட்டாயா. ஏழாவது வாரத்தில் ஒருநாள் மதியம்வரை ஒரு போன்கூட வரவில்லை. நானே கூப்பிட்டேன்.

"என்னம்மா, போனே காணோம்? ஒடம்பு சரியில்லையா?"

"மாவாட்டிக்கிட்டு இருந்தேன். ஏன், என்ன இப்ப? சும்மா சும்மா போன் பண்ணாம வேலையப் பாரு" என்று வைத்துவிட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு கேன்டீன் வாசலில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன்.

ஆடிட்டுக்கு நான்கு நாள் முன்னால் இருபத்திரண்டாவது படியைத் தொட்டேன். மேனேஜர் சார் கீழே நின்றார். மேலே மேடையில் ஏழு நிமிடம் நின்றேன். மார்க் எட்டிலிருந்து நாலுக்கு வந்தது. முள் மீட்டரை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன். கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு, எண்ணை எழுதினேன்.

ஆடிட் அன்று வந்தவர் மேடைப் பக்கமே வரவில்லை. நாள் முழுவதும் அலுவலகத்தில் உட்கார்ந்து காகிதங்களைத்தான் பார்த்தார். என் தவறு அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, ஏழு மாதப் பதிவுகளைப் பற்றி அரை மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொன்னேன். கம்பெனிக்கு ஒரு குறை எழுதப்பட்டது. சரிசெய்து காட்ட அவகாசம் கொடுத்தார். நான் தரப் பிரிவிலேயே இருந்தேன்.

பயத்தைப் பயம் என்ற ஒரே பெயரில் எழுதி வைத்ததால்தான் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் அத்தனை நாள் தவறான இடத்தில் மருந்து தேடினோம். இது எந்தப் பயம் என்று கேட்ட பிறகுதான் இரண்டும் அசைந்து கொடுத்தன.

இப்போதைய நிலை இது. அம்மாவின் இரவு மாத்திரை படிப்படியாகக் குறைந்து நின்றுவிட்டது. காலை மாத்திரை தொடர்கிறது. அதை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்வார், நாங்கள் சொல்ல மாட்டோம். நான் எந்த மாத்திரையும் போடுவதில்லை. வாரத்தில் ஆறு நாள் மேலே ஏறுகிறேன். பயம் சாதாரண நாளில் மூன்று. மழை பெய்து படி ஈரமாக இருக்கும் நாளில் ஐந்து. புத்தகத்தில் என் கையெழுத்துக்கு மேலே இருக்கும் எண், நான் பார்த்த எண்.